கோடை விடுமுறைக்குப் பின் பள்ளி நூலகத்தைத் திறத்தல்: நூலகருக்கான முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள ஒரு பள்ளியில், தனி ஒருவராக நூலகத்தைக் கவனித்துக்கொள்பவரை மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. ஐயாயிரம் முதல் எட்டாயிரம் வரையிலான நூல்கள், கையால் எழுதும் பதிவேடுகள், இருந்தால் ஒரு கணினி என்பதே இங்கு எடுத்துக்கொண்ட அளவு. நூலகர் பணியிடம் இல்லாமல் ஆசிரியர் ஒருவர் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துவரும் பள்ளிகளுக்கும் வரிசை இதுவேதான், நாள்கள்தாம் கூடும்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் உழைப்பில் குறை வைப்பதில்லை. வரிசைதான் தவறிவிடுகிறது. முதல் நாள் தூசி தட்டி, இரண்டாம் நாள் சுவரில் வண்ணத்தாள் ஒட்டி, மூன்றாம் நாள் நூல்களை வழங்கத் தொடங்கிவிட்டால், எந்த நூல் இப்போது யாரிடம் இருக்கிறது, எது சென்ற ஆண்டே போனது என்று ஜூலையில் பிரித்தறிய வழியிருக்காது. ஆகவே பிறர் செய்து தர வேண்டியவற்றை முதலில் கேட்டு வைத்துவிட வேண்டும். அதன்பின் நூலைத் தொட்டுச் செய்யும் வேலை, அது முடிந்ததும் ஏட்டு வேலை, ஏடு நேரானதும் வழங்கல்.

1. நாள் கணக்கைத் திட்டமிடுதல்

பள்ளி திறக்கும் தேதியை நம்பித் திட்டமிடாமல், தேவைப்படும் வேலை நாள்களை எண்ணித் திட்டமிடுங்கள். வெயில் காரணமாகத் திறப்பு நாள் தள்ளிப்போவது நமக்குப் பழகிய ஒன்று: 2023இல் ஜூன் 1 என்றிருந்தது, ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ளோருக்கு ஜூன் 12 ஆனது, 2024இல் ஜூன் 6 என்றிருந்தது ஜூன் 10 ஆனது. இப்படிக் கிடைக்கும் நாள்களை அலங்காரத்தில் செலவிடாமல் இருப்புச் சரிபார்ப்புக்கு வைத்துக்கொள்வது நல்லது.

மேலே சொன்ன அளவுள்ள நூலகத்துக்கு, உதவிக்கு ஒருவர் இருந்தால், ஆறு முழு வேலை நாள்கள் போதும். இரண்டே நாள்கள் கிடைத்தால், ஐந்தாம் பகுதி வரை திறப்புக்கு முன் முடித்துவிட்டு, எஞ்சியதைப் பள்ளி நடக்கும்போதே செய்யலாம். அப்போது நூல் வழங்கலை இரண்டு வாரம் தள்ளி வையுங்கள். நூலகத்தில் அமர்ந்து படிப்பதற்கு மட்டும் மாணவர்களை அனுமதிக்கலாம்.

கையில் இருக்க வேண்டியவை: நூல் சேர்க்கைப் பதிவேடு (நூலகத்துக்கு வரும் ஒவ்வொரு நூலையும் வரிசையாகச் சேர்க்கை எண் இட்டு எழுதுவது), வழங்கல் பதிவேடு, சென்ற ஆண்டின் இருப்புச் சரிபார்ப்பு அறிக்கை, பைண்டிங்குக்கு அனுப்பிய நூல்களின் பட்டியல், ஆசிரியர்கள் எடுத்துச்சென்ற நூல்களின் பட்டியல். இவற்றோடு உலர்ந்த பருத்தித் துணி, மென்மையான அகலத் தூரிகை, முகக்கவசம், கையுறை, டார்ச் விளக்கு, நீண்ட கழி, மூன்று அட்டைப்பெட்டிகள், பென்சில். சேர்க்கைப் பதிவேடு தலைமையாசிரியர் அறைப் பீரோவிலோ எழுத்தரிடமோ இருந்தால் முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் ஆறாம் பகுதிக்கு மேல் நகர முடியாது.

2. பிறர் செய்ய வேண்டியவற்றை முதலில் கேட்டல்

அறைக் கதவைத் திறப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. கால அட்டவணை, வகுப்புப் பட்டியல், மின்பணியாளர், பூச்சிக்கொல்லி மருந்து அடிப்பவர் ஆகிய நான்கும் உங்கள் கையில் இல்லை; கேட்ட பின் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியவை. முதல் நாளே கேட்டுவிட்டால், அவை நடந்துகொண்டிருக்கும்போது உங்கள் வேலையும் நடக்கும்.

இவற்றுள் கால அட்டவணை முக்கியமானது. அது ஒட்டப்பட்ட பின் நூலகப் பாடவேளை கேட்டால், வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைதான் மிஞ்சும். அட்டவணை போடும் ஆசிரியரிடம் மூன்று கோரிக்கைகளை எழுதியே கொடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பிரிவுகள் வரக் கூடாது. அடுத்தடுத்து மூன்று வகுப்புகள் வரக் கூடாது. இப்படி விட்டால்தான் திரும்பி வந்த நூல்களை அடுக்க இடைவெளி கிடைக்கும். ஒவ்வொரு பிரிவுக்கும் வாரத்தில் ஒரே கிழமை, ஒரே பாடவேளை அமைய வேண்டும். அப்போதுதான் நூலைத் திருப்பித் தரும் நாள் மாணவர்களுக்கு நினைவில் இருக்கும். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளின் நூலகப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வது பெரும்பாலான பள்ளிகளில் ஆகஸ்டுக்குள் நடந்துவிடும். அதைத் தடுக்க முடியாவிட்டாலும், அட்டவணையில் அந்தப் பாடவேளை இருப்பது பிறகு கேட்டுப் பெற உதவும்.

அலுவலகத்தில் கேட்க வேண்டியவை இரண்டு பட்டியல்கள்: தேர்ச்சி பெற்று அடுத்த வகுப்புக்குச் செல்வோர் பட்டியல், விடுமுறையில் மாற்றுச் சான்றிதழ் பெற்றுச் சென்றோர் பட்டியல். இரண்டாவதைக் கேட்கப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் மாணவர்கள் மே மாதத்திலேயே சான்றிதழ் வாங்கிச் சென்றுவிடுவார்கள். அப்போது நூலகர் விடுமுறையில் இருப்பார். நூல் அவர்களோடு போய்விடும்.

3. அறையைத் திறத்தலும் பார்வையிடுதலும்

கதவு, சன்னல்கள் அனைத்தையும் திறந்துவிட்டு அரை மணி நேரம் வெளியே இருங்கள். அடைத்துக் கிடந்த அறையின் காற்று மாற வேண்டும் என்பது ஒரு காரணம். ஊர்ப்புறப் பள்ளிகளில் பூட்டிய அறைக்குள் பாம்பு, தேள், குளவிக்கூடு, வௌவால் இருப்பது அரிதன்று என்பது இன்னொரு காரணம். அலமாரியின் அடித்தட்டிலும் பீரோவின் பின்புறத்திலும் டார்ச் அடித்து, கழியால் தட்டிப் பார்த்த பிறகே கையை விடுங்கள். மின்விசிறியைப் போட்டதும் கருகிய வாடை வந்தால் உடனே நிறுத்தி மின்பணியாளருக்காகக் காத்திருங்கள்.

அடுத்து எதையும் நகர்த்தாமல் ஒரு சுற்று பார்த்து, கண்டதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இயன்றால் கைபேசியில் படமும் எடுங்கள். சுவரில் மண் கோடு, கூரையில் நீர்க்கறை, அலமாரித் தட்டில் மரத்தூள், நூலின் ஓரத்தில் அரிப்பு, எலிப்புழுக்கை ஆகியவை எந்த இடத்தில் இருக்கின்றன என்பதே சேதத்தின் மூலத்தைக் காட்டும். வந்ததும் வராததுமாகத் துடைப்பத்தை எடுத்துவிட்டால் இந்தத் தடயங்கள் அழிந்துவிடும். செப்டம்பரில் அதே இடம் மீண்டும் அரிக்கப்பட்ட பிறகே காரணம் புலப்படும். கூரைச் சீரமைப்புக்கு விண்ணப்பிக்கும்போது தலைமையாசிரியரிடம் காட்டவும் இந்தப் படங்கள் தேவைப்படும்.

கூரைக் கறையை எப்போது சரிசெய்வது என்பது மாவட்டத்தைப் பொறுத்தது. கன்னியாகுமரி, நீலகிரி, கோவையின் மேற்குப் பகுதி, தென்காசி ஆகிய இடங்களில் தென்மேற்குப் பருவமழை ஜூனிலேயே வந்துவிடுவதால், திறப்புக்கு முன்பே அந்தப் பக்கத்து அலமாரியை நகர்த்திவிட வேண்டும். சென்னை, டெல்டா, கடலோர மாவட்டங்களில் பெருமழை அக்டோபரில்தான் என்பதால் செப்டம்பர் வரை அவகாசம் உண்டு. ஆனாலும் விண்ணப்பத்தை இப்போதே கொடுங்கள்.

4. பூச்சி, ஈரம், பூஞ்சை

தூசி தட்டுவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். பூஞ்சை பிடித்த நூலைத் தெரியாமல் துடைத்தால், அதே துணி பூஞ்சை வித்துகளை நல்ல நூல்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். பூச்சியுள்ள நூலும் அப்படியே. ஆகவே பாதிக்கப்பட்டவற்றை முதலில் பிரித்தெடுங்கள்.

கரையானுக்கு அடையாளம் சுவரில் ஏறும் மண் குழாய். அதைச் சுரண்டிவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றுவது வழக்கத்தில் உள்ளது. கூட்டம் தரைக்கடியில் இருப்பதால் சில வாரங்களில் வேறு வழியாக ஏறிவிடும். மருந்து அடிப்பவர் வந்து அடித்தளத்தில் மருந்து செலுத்துவதே தீர்வு. அதுவரை அந்த அலமாரியின் நூல்களை வேறிடம் மாற்றுங்கள். பின்னர் அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, அடித்தட்டில் நூல் வைக்காமல் விடுவது நல்லது. அந்த இடைவெளி இருந்தால் அடுத்த மண் குழாய் தொடக்கத்திலேயே கண்ணில் படும்.

இராமபாணப் பூச்சி பசையையும் மாவுச்சத்தையும் தின்னும். ஆகவே நூலின் முதுகும் அட்டையின் உள்பக்கமும் முதலில் அரிக்கப்படும். ஈரமும் இருட்டும் குறைந்தால் அதுவும் குறையும். நூல்களின் மேல் நேரடியாகப் பூச்சிமருந்து தெளிக்காதீர்கள்: தாள் கறைபடும், அதைப் புரட்டப்போவதும் குழந்தைகள். பாச்சை உருண்டையை மாணவர்கள் அமரும் அறையில் திறந்து வைப்பதையும் நான் ஏற்பதில்லை. காய்ந்த வேப்பிலை வைக்க விரும்பினால் துணிப்பையில் கட்டி வைத்து, நொறுங்கியதும் மாற்றுங்கள். தட்டில் சும்மா பரப்பிவிட்டால் அடுத்த ஆண்டு அந்தத் தூளைப் பெருக்குவதே ஒரு வேலையாகிவிடும்.

நனைந்த நூல்களை வெயிலில் காயவைப்பது மிகப் பரவலான தவறு. தாள் சுருங்கும், அட்டை வளையும், மை வெளிறும். மின்விசிறியின் கீழே, நிழலில், நூலைச் செங்குத்தாக விரித்து நிறுத்தி, சில பக்கங்களுக்கு ஒருமுறை வெள்ளைத் தாளைச் செருகி, ஈரம் ஏறியதும் மாற்றுங்கள். படங்கள் நிறைந்த வழவழப்புத் தாள் நூல்களை முதலில் கவனிக்க வேண்டும். அவை ஒட்டிக் காய்ந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. பூஞ்சை பிடித்தவற்றை அறைக்கு வெளியே, முகக்கவசம் அணிந்து, முழுதும் உலர்ந்த பிறகு தூரிகையால் துடைக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் கறை தாளுக்குள் இறங்கிவிடும். ஒற்றைப் பிரதியாக இல்லாத, எளிதில் வாங்கக்கூடிய நூல் ஒன்று மோசமாகப் பூஞ்சை பிடித்திருந்தால், அதைக் காப்பாற்ற முயலாமல் நீக்கும் பெட்டியில் போடுவதே சரி என்பது என் கருத்து.

5. தூசி நீக்குதல்

மேல் தட்டிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். தரையைக் கடைசியில் கூட்டுங்கள். ஒரு தட்டின் நூல்களை அதே வரிசையில் மேசையில் வைத்து, தட்டை ஈரத்துணியால் துடைத்து, முழுதும் உலரும் வரை காத்திருந்து, நூல்களை உலர்ந்த துணியால் துடைத்து அதே வரிசையில் திரும்ப வையுங்கள். ஒவ்வொரு நூலையும் இறுக மூடிப் பிடித்து, மேல்விளிம்பை முதுகிலிருந்து வெளிப்புறமாகத் துடைக்க வேண்டும். எதிர்ப்புறமாகத் துடைத்தால் தூசி தையலுக்குள் சேரும்.

மாணவர்களோ துப்புரவுப் பணியாளரோ உதவும்போது ஒரே நேரத்தில் ஒரு தட்டுக்கு மேல் காலிசெய்ய விடாதீர்கள். விரைவாக முடிக்கலாம் என்று மொத்த அலமாரியையும் தரையில் குவித்துவிட்டால், அந்த அலமாரியை மறுபடி அடுக்க ஒரு நாள் முழுதும் போய்விடும்.

துடைக்கும்போதே கிழிந்தவற்றை மூன்று பெட்டிகளில் பிரியுங்கள்: நாமே ஒட்டக்கூடியவை, பைண்டிங்குக்குப் போக வேண்டியவை, நீக்கத்துக்கு உரியவை. செல்லோ டேப் ஒட்டாதீர்கள். ஓரிரு ஆண்டுகளில் மஞ்சளாகி, பசை பக்கத்துக்குப் பக்கம் கசியும். கிழிசலுக்கு மெல்லிய தாளும் பசையும் போதும். பசையையும் விரல்நுனி அளவுக்குமேல் வைக்க வேண்டாம்.

6. அலமாரி வரிசையைச் சரிபார்த்தல்

நூலின் பொருளைக் காட்டும் பகுப்பு எண் வரிசையில் ஒவ்வொரு தட்டாகப் படித்துச் செல்லுங்கள். இடம் மாறிய நூல் காணாமல்போன நூலுக்குச் சமம் என்பதால், இருப்பு எடுக்கும் முன் இதை முடிக்க வேண்டும்.

நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் டூயி தசமப் பகுப்பைப் பயன்படுத்தும் நூலகங்களில் எல்லாருக்கும் வரும் குழப்பம் ஒன்று உண்டு. தமிழ்ப் புனைகதை 894.8113, தெலுங்கு இலக்கியம் 894.827. எண்ணூற்று இருபத்தேழு, எட்டாயிரத்து நூற்றுப் பதின்மூன்றைவிடச் சிறியது என்று எண்ணி தெலுங்கை முன்னால் வைத்துவிடுகிறார்கள். புள்ளிக்குப் பின் வருவதை ஒவ்வோர் இலக்கமாகத்தான் ஒப்பிட வேண்டும்: இரண்டிலும் முதல் இலக்கம் 8, இரண்டாவது இலக்கம் ஒன்றில் 1, மற்றதில் 2. ஆகவே தமிழ் முன்னால், தெலுங்கு பின்னால். அடுக்கி உதவும் மாணவர்களுக்கும் இதை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

தமிழ்ப் பள்ளி நூலகத்தில் நூல்களின் பெரும்பகுதி 894.811 என்ற ஒரே எண்ணின் கீழ் குவியும். முதுகுச் சீட்டில் அதோடு நிறுத்திவிட்டால் கவிதையும் நாடகமும் நாவலும் கலந்து கிடக்கும். கவிதைக்கு 894.8111, நாடகத்துக்கு 894.8112, புனைகதைக்கு 894.8113 என்று அடுத்த இலக்கத்தையும் எழுதி, அதன்கீழ் ஆசிரியர் பெயரின் முதல் எழுத்துகளையும் சேருங்கள். உங்கள் பள்ளியில் பகுப்பு எண்ணே இல்லாமல் பாடவாரியாகப் பீரோக்கள் இருந்தால், இப்போது மாற்றத் தொடங்க வேண்டாம். அது ஒரு முழு விடுமுறைக்குரிய வேலை. பாதியில் நின்றால் இரண்டு முறைகளும் கெடும்.

தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கத்தின்கீழ் அரசுப் பள்ளிகளுக்கு வந்த சிறு நூல்களுக்கு முதுகே கிடையாது. அவற்றை அலமாரியில் செருகினால் காணாமல்போகும். நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு நிலைகளுக்கும் நான்கு பெட்டிகள் வைத்து, அட்டை முன்பக்கம் தெரியும்படி நிறுத்துங்கள்.

7. திரும்பாத நூல்களின் கணக்கு

வழங்கல் பதிவேட்டில் திரும்பியதற்குக் கையொப்பம் இல்லாத வரிகள் அனைத்தையும் ஒரு தாளில் எடுத்தெழுதுங்கள். அந்தத் தாளோடு அலமாரிக்குப் போய், ஒவ்வொரு நூலும் அங்கே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏப்ரல் நெரிசலில் வாங்கி வைத்துவிட்டுப் பதிவேட்டில் குறிக்காமல் விட்டவை கணிசமாக இருக்கும். இதைச் செய்யாமல் மாணவரைக் கூப்பிட்டு நூலைக் கேட்டால், திருப்பித் தந்தவர் மேல் வீண்பழி விழும். அதன்பின் அந்த மாணவர் நூலகப் பக்கம் வரமாட்டார்.

எஞ்சியவற்றை மூன்றாகப் பிரியுங்கள். பள்ளியில் தொடர்பவர்களின் பெயர்களை வகுப்பாசிரியரிடம் கொடுத்து, திறந்த நாளிலிருந்து இரண்டு வாரம் அவகாசம் தாருங்கள். விடுமுறை நாள்களுக்குத் தண்டத்தொகை போடுவது நியாயமன்று. ஆசிரியர்களிடம் உள்ளவற்றுக்குத் தனித்தனியாக ஒரு குறிப்பு அனுப்புங்கள். ஆசிரியர் அறையின் பொதுப்பலகையில் பெயர்ப் பட்டியல் ஒட்டினால் நூல் வராது, மனத்தாங்கல்தான் வரும்.

மூன்றாவது பிரிவு சான்றிதழ் பெற்றுச் சென்றவர்கள். நூல் வராததற்காக மாற்றுச் சான்றிதழை நிறுத்தி வைக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 5ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு வரையிலான கல்விக்காகப் பள்ளி மாறும் பிள்ளைகளுக்குச் சான்றிதழை உடனே வழங்கச் சொல்கிறது. தாமதிக்கும் தலைமையாசிரியர் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாக நேரும். மேல்வகுப்புகளிலும் ஒரு நூலுக்காக ஒரு பிள்ளையின் சேர்க்கையைத் தடுப்பது தகாது. பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். பாதிக்கு மேல் வந்துவிடும். அடுத்த ஆண்டுக்கு, சான்றிதழ் விண்ணப்பத்தோடு நூலக நிலுவைச் சீட்டு ஒன்றையும் இணைக்கும்படி அலுவலகத்திடம் கேட்டு, நிலுவையுள்ளோர் பட்டியலின் பிரதியை ஏப்ரல் கடைசியில் எழுத்தரிடம் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.

8. இருப்புச் சரிபார்ப்பு

ஏப்ரலில் முடித்திருந்தால் இந்தப் பகுதியைக் கடந்து செல்லலாம். முடிக்கவில்லையென்றால் வழங்கல் தொடங்குவதற்கு முந்தைய இந்த நாள்களே ஏற்ற காலம். ஆண்டில் வேறு எப்போதும் இவ்வளவு நூல்கள் ஒரே அறையில் இருப்பதில்லை.

சேர்க்கைப் பதிவேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நூலாகத் தேடிப் போவது தவறான முறை. பதிவேடு வாங்கிய நாள் வரிசையிலும் அலமாரி பொருள் வரிசையிலும் இருப்பதால், ஒரு நூலுக்கு ஒரு முறை அறையைச் சுற்ற வேண்டியிருக்கும். மாறாக, 1 முதல் கடைசிச் சேர்க்கை எண் வரை எண்களை மட்டும் கட்டங்களில் எழுதிய தாள்களைத் தயாரியுங்கள். ஒருவர் அலமாரியின் முன் நின்று ஒவ்வொரு நூலின் சேர்க்கை எண்ணையும் வாசிக்க, மற்றவர் தாளில் அந்த எண்ணை அடிக்க வேண்டும். வாசிப்பவர் முதுகுச் சீட்டை நம்பாமல் உள்ளே முத்திரைப் பக்கத்தில் உள்ள எண்ணைப் பார்ப்பது நல்லது. பழைய சீட்டுகள் உரிந்து வேறு நூலில் ஒட்டப்பட்டிருக்கும்.

அடிக்கப்படாத எண்கள் எல்லாம் காணாமல்போனவை அல்ல. அவற்றை வழங்கல் நிலுவை, ஆசிரியர் பட்டியல், பைண்டிங் பட்டியல், முன்பே நீக்கப்பட்டவை என்ற நான்கோடும் ஒப்பிட்டுக் கழித்துவிடுங்கள். எஞ்சுவதே இழப்பு. அதையும் உடனே கணக்கிலிருந்து நீக்க அனுப்பாமல், இன்னோர் ஆண்டு ‘காணப்படவில்லை’ என்ற பட்டியலில் வைத்திருங்கள்; சில நூல்கள் அறிவியல் ஆய்வகத்திலிருந்தும் விளையாட்டு அறையிலிருந்தும் தாமாகவே வந்து சேரும்.

கேந்திரிய வித்யாலயா போன்ற மத்திய அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளுக்கு, பொது நிதி விதிகள் 2017இன் 215ஆம் விதி வழிகாட்டுகிறது. இருபதாயிரம் நூல்களுக்கு மிகாத நூலகத்தில் ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு நடக்க வேண்டும். ஓர் ஆண்டில் வழங்கிய அல்லது பயன்படுத்திய ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல்கள் வரையிலான இழப்பு, நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இல்லாதபோது, இயல்பானதாகக் கொள்ளப்படும். ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலும் அரிய நூலும் காணாமல்போனால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். மாநில அரசு, உதவிபெறும், தனியார் பள்ளிகளில் அவரவர் நிர்வாக நடைமுறை உண்டு. எந்தப் பள்ளியானாலும், இழப்பைத் தம் கைப்பணத்தில் வாங்கி வைத்து மறைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். எழுத்தில் தெரிவித்தால்தான் பூட்டில்லாத பீரோவுக்குப் பூட்டு வரும்.

9. பயனற்ற நூல்களைப் பிரித்தல்

எல்லா நூல்களையும் ஒரு முறை கையால் தொட்டிருப்பதால் இப்போது இது எளிது. மாணவரைத் தவறாக வழிநடத்தும் நூல் எது என்பதே அளவுகோல். பழையது என்பதற்காக எதையும் எடுக்க வேண்டாம். தெலங்கானா இல்லாத இந்திய வரைபட நூல் 2014க்கு முந்தையது. ஜம்மு காஷ்மீரை மாநிலமாகக் காட்டுவது 2019க்கு முந்தையது. தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் என்று சொல்லும் பொது அறிவு நூல் இன்றைய 38ஐ அறியாதது. ஒன்பது கோள்கள் என்று கற்பிக்கும் வானியல் நூல் 2006க்கு முந்தையது. 2018-19இல் பாடத்திட்டம் மாறத் தொடங்கியதால் அதற்கு முந்தைய நோட்ஸ்களும் வினா வங்கிகளும் தேர்வுக்கு உதவா.

எதையும் நீங்களே பழைய பேப்பர் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். பட்டியலிட்டு, தலைமையாசிரியரின் எழுத்துமூல ஒப்புதல் பெற்று, சேர்க்கைப் பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் ஆணை எண்ணையும் தேதியையும் சிவப்பு மையில் எழுதிய பிறகே நூல் அறையை விட்டு வெளியேற வேண்டும். நீக்கிய எண்ணைப் புதிய நூலுக்குத் தருவதும் கூடாது. பத்தாண்டுக்குப் பிறகு தணிக்கையில் ஒரே எண்ணுக்கு இரண்டு விலைப்பட்டியல்கள் வந்து நிற்கும். உள்ளூர் வரலாறு, பள்ளி ஆண்டுமலர், பதிப்பில் இல்லாத தமிழ் நூல் ஆகியவை எவ்வளவு கிழிந்திருந்தாலும் இந்தப் பெட்டிக்குப் போகக் கூடாது.

10. உறுப்பினர் பட்டியலைப் புதுப்பித்தல்

மாணவரின் உறுப்பினர் எண்ணாகப் பள்ளிச் சேர்க்கை எண்ணையே பயன்படுத்துங்கள். வகுப்பு வரிசை எண்ணை வைத்தால் ஆண்டுதோறும் மாறும். பிரிவுகளைக் கலைத்து அடுக்கும் பள்ளிகளில் சென்ற ஆண்டு 8 ‘ஆ’ பிரிவில் 14ஆம் எண்ணாக இருந்தவர் யார் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

கோஹா, இ-கிரந்தாலயா போன்ற நூலக மென்பொருளில் வகுப்பு உயர்வு செய்பவர்கள் இரண்டை மறக்கக் கூடாது. முதலில் தரவை நகலெடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள். அடுத்து, மேலிருந்து கீழாக உயர்த்துங்கள்: பன்னிரண்டாம் வகுப்பை வெளியேற்றிய பின் பதினொன்றைப் பன்னிரண்டாக்கி, பிறகு பத்து, ஒன்பது என்று இறங்க வேண்டும். ஆறிலிருந்து தொடங்கினால், ஏழாகிவிட்ட ஆறாம் வகுப்பினர் பழைய ஏழாம் வகுப்பினரோடு கலந்துவிடுவார்கள். அடுத்த கட்டளையில் இருவரும் எட்டாவார்கள். கடைசியில் பள்ளி முழுவதும் பன்னிரண்டாம் வகுப்பில் வந்து நிற்கும். வெளியேறுவோரிடம் நிலுவை இருந்தால் அவர்களின் கணக்கை அழிக்காமல் முடக்கி மட்டும் வையுங்கள்.

11. புதிய நூல்களும் இதழ்களும்

விடுமுறையில் வந்திறங்கிய கட்டுகளை முதல் நாளே பிரிக்கும் ஆவல் எல்லாருக்கும் உண்டு. இருப்புக் கணக்கு முடியும் வரை அவை கட்டாகவே இருக்கட்டும். இடையில் புதிய எண்கள் சேர்ந்தால் சரிபார்ப்புத் தாளின் கடைசி எண் நகர்ந்துகொண்டே போகும்.

பிரிக்கும்போது ஆணை, விலைப்பட்டியல், நூல் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, பக்கங்கள் தலைகீழாகவோ விடுபட்டோ இல்லையா என்று புரட்டிப் பார்த்த பிறகே முத்திரை இடுங்கள். முத்திரை விழுந்த நூலை விற்பனையாளர் திரும்ப எடுக்கமாட்டார். ஒரு பிரதிக்கு ஒரு சேர்க்கை எண். ஐந்து பிரதிகளுக்கு ஐந்து வரிகள். விலைப்பட்டியல் எண்ணும் தேதியும் பதிவேட்டில் இருக்க வேண்டும். அதேபோல், சேர்க்கை எண்கள் விலைப்பட்டியலின் பின்புறத்தில் இருக்க வேண்டும். பதிவேட்டில் பிழை நேர்ந்தால் வெள்ளை மை பூசாமல், ஒற்றைக் கோடு அடித்துச் சுருக்கொப்பம் இடுங்கள். மாணவர்கள் விட்டுச்சென்ற பாடநூல்களைச் சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்றாதீர்கள். தனி அலமாரியில் வைத்து, தேவைப்படுவோருக்குக் கொடுத்துவிடலாம்.

நாளிதழ் முகவரிடம் மறுபடி தொடங்கச் சொல்லி, மே மாத விலைப்பட்டியலில் இதழ் போடாத நாள்கள் கழிக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். அரசுப் பள்ளிகளுக்கு வரும் ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்கள் அலுவலகத்திலேயே தங்கிவிடுவது வழக்கம். கேட்டு வாங்கி, விடுபட்ட இதழ்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

12. வழங்கலைத் தொடங்குதல்

எல்லா வகுப்புகளுக்கும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். 7, 8, 9, 10, 12 ஆகிய வகுப்புகளின் பட்டியல் ஏறத்தாழ உறுதியாகியிருக்கும், அவற்றிலிருந்து தொடங்குங்கள். ஆறிலும் பதினொன்றிலும் ஜூன் முழுவதும் சேர்க்கை நடக்கும், பதினொன்றில் பாடப்பிரிவு மாற்றமும் நடக்கும். பெயர்கள் நிலைபெறும் முன் அவர்களுக்கு அட்டை எழுதினால் பாதியைத் திருத்த வேண்டியிருக்கும்.

ஆறாம் வகுப்பின் முதல் பாடவேளையில் விதிகளை ஒப்பிக்காமல் மூன்றே செயல்களைச் செய்து காட்டுங்கள்: நூலின் தலையைப் பிடித்து இழுக்காமல் நடுமுதுகைப் பற்றி எடுப்பது, எடுத்த இடத்தில் அட்டை ஒன்றைச் செருகுவது, படித்ததை அலமாரியில் திணிக்காமல் மேசையில் வைப்பது. பிறகு படிக்க விடுங்கள். பட்டியல் நிலைபெற்றதும் வரும் முதல் பாடவேளையிலேயே ஆளுக்கொரு நூல் வீட்டுக்குப் போகட்டும். நூல் தொலையும் என்று அஞ்சி ஒரு பருவம் முழுவதும் வழங்காமல் வைத்திருக்கும் பள்ளிகள் உண்டு. அங்கே நூல்கள் பத்திரமாகத்தான் இருக்கின்றன, இராமபாணப் பூச்சிக்கு.

சுவர்க் காட்சிகளுக்கு ஜூலை 15 காமராசர் பிறந்தநாளான கல்வி வளர்ச்சி நாளை இலக்காக வைத்துக்கொள்ளலாம். அடுத்தது ஆகஸ்டு 12, இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்தநாளான நூலகர் நாள். இரண்டு வார அவகாசம் முடியும் நாளில் நிலுவைத் தாளை மறுபடி எடுத்து, வந்தவற்றை அடித்துவிட்டு, வராதவர்களின் பெயர்களை மட்டும் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். மாற்று நூலா, விலையா என்பதை அவர் முடிவுசெய்து கையொப்பமிட்ட பின் அந்தத் தாளைச் சேர்க்கைப் பதிவேட்டுக்குள் வைத்து, பெற்றோரிடமிருந்து வரும் தொகைக்கு அலுவலக ரசீது எண்ணை அதிலேயே எழுதிவாருங்கள்.